கிரீம் மணல்மணலாகிறதா, சாக்கடை அடைக்கிறதா? கொழுப்பு ஆல்கஹால் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வீட்டில் செய்த கண்டிஷனர், பாடி கிரீம், குதிகால் வெடிப்புக் களிம்பு விற்கும் பெண்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, தாமான் வீட்டுக்கு மாறி, அடுப்படியில் ஒரு மூலையை ஒதுக்கித் தொழில் தொடங்கியவர்கள். அவர்கள் கொண்டுவரும் புகார்களைக் கேட்டுக் கேட்டு ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. கிரீம் கெட்டால் முதலில் குறிப்பை மாற்றுகிறார்கள், அப்புறம் எண்ணெயை மாற்றுகிறார்கள், அதற்கும் மேல் பொருள் விற்றவரைத் திட்டுகிறார்கள். வெப்பமானியை மட்டும் யாரும் கையில் எடுப்பதில்லை. கோளாறில் பெரும்பகுதி கிரீமைக் கெட்டியாக்கப் போடும் கொழுப்பு ஆல்கஹாலில் இருக்கிறது. கொழுப்பு ஆல்கஹாலின் கோளாறில் பெரும்பகுதி சூட்டில் இருக்கிறது. ஆகவே 20 வெள்ளிக்குள் கிடைக்கும் ஒரு சமையல் வெப்பமானியை வாங்கிவிட்டு இதைப் படியுங்கள்.

கொழுப்பு ஆல்கஹால் என்றால் நீளமான கார்பன் சங்கிலி, அதன் ஒரு முனையில் தண்ணீரை விரும்பும் சின்னத் தலை. அவ்வளவுதான். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு தாமதமாக உருகும். 12 கார்பன் உள்ள லோரைல் ஆல்கஹால் 24 டிகிரியில் உருகும். 14 கார்பன் உள்ள மிரிஸ்டைல் 38 டிகிரி. 16 கார்பன் உள்ள சீட்டைல் 49 டிகிரி. 18 கார்பன் உள்ள ஸ்டீரைல் 58, 59 டிகிரி. நம் ஊரில் விடியற்காலை 24, 25 இருக்கும். பகலில் 33 வரை போகும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். வெயிலில் பூட்டி வைத்த கார் 50ஐத் தாண்டும். உருகுநிலைகளையும் நம் ஊர்ச் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்நாட்டுக்காரர் எழுதிய குறிப்பு இங்கே ஏன் சொதப்புகிறது என்பது பாதி புரிந்துவிடும்.

இந்தச் சரக்கு நமக்கு அந்நியமும் இல்லை. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டத்தை ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த வட்டாரத்தில்தான் நட்டார். செம்பனைக் கொட்டையின் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி 12 கார்பன் கொழுப்பு. பழச்சதையின் எண்ணெயில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் 16 கார்பன் கொழுப்பு. ஆலையில் உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றினால் முன்னது லோரைலாகவும் பின்னது சீட்டைலாகவும் திரும்பி வரும்.

பொட்டலத்தில் என்ன வந்திருக்கிறது என்றே தெரியவில்லை

வெள்ளைச் சீவல், வெள்ளைக் குருணை, வெள்ளைக் கட்டி. சீட்டைல் ஆல்கஹால், ஸ்டீரிக் அமிலம், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் எமல்ஸிஃபையிங் மெழுகு மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. சில்லறையாக அள்ளிக் கட்டித்தரும் கடையில் சீட்டு மாறி ஒட்டப்படுவது நடக்கிற காரியம். மாறிப் போனதைப் போட்டு ஒரு தொகுதியே வீணானவர்கள் உண்டு.

உருகுநிலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். சுத்தமான ஸ்டீரிக் அமிலம் 69 டிகிரியில் உருகும் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் கடையில் கிடைப்பது 16 கார்பன் பாமிட்டிக் அமிலம் கலந்தது, 55 டிகிரிப் பக்கமே உருகிவிடும். சீட்டைலும் ஸ்டீரைலும் கலந்த சீட்டோஸ்டீரைல் ஆல்கஹாலும் 48க்கும் 56க்கும் நடுவில்தான் உருகும். ஆகவே இரண்டு கட்டமாகச் சோதியுங்கள்.

ஒரு தேக்கரண்டிப் பொருளை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு, நன்றாகச் சுட்ட தண்ணீரை அரைப் புட்டி ஊற்றி, உருகியதும் துணியால் பிடித்து மெதுவாகக் குலுக்குங்கள். நடுவில் இரண்டு முறை மூடியைத் தளர்த்தி ஆவியை விடுங்கள். வெறும் தண்ணீரிலேயே பால் மாதிரி வெளுத்து அப்படியே நின்றால் அது எமல்ஸிஃபையிங் மெழுகு. ஒரு நிமிடத்தில் தெளிந்த எண்ணெயாக மேலே ஏறி நின்றால் ஆல்கஹாலாகவும் இருக்கலாம், அமிலமாகவும் இருக்கலாம். இப்போது அதை ஒரு பெரிய கிண்ணத்தில் கொட்டி, சுடுநீரில் கரைத்த சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அமிலம் என்றால் சிறு குமிழ் கிளம்பும், தண்ணீர் சோப்பாகக் கலங்கும், விரலில் தொட்டால் வழுக்கும். கொழுப்பு ஆல்கஹால் சோடாவைச் சட்டை செய்யாது; தெளிந்த எண்ணெய் தெளிந்த எண்ணெயாகவே மிதக்கும், ஆறியதும் மேலே வெள்ளை வட்டாகக் கட்டிக்கொள்ளும்.

ஆல்கஹால்தான் என்று தெரிந்த பிறகு எந்த ஆல்கஹால் என்பதற்கு உருகுநிலை உதவும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒரு சிட்டிகை போட்டு, வெப்பமானியின் நுனியோடு நூலால் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு மெல்லிய தீயில் சூடாக்குங்கள். 45ஐத் தாண்டியதும் தீயை இன்னும் குறையுங்கள். குழாயின் ஓரம் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும் இடத்தையும் முழுக்கத் தெளியும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 49ஐ ஒட்டிச் சட்டென்று தெளிந்தால் சீட்டைல். இழுத்து இழுத்துத் தெளிந்தால் கலவை.

ட்ரம்மில் பாதி கட்டி, பாதி தண்ணீராக இருக்கிறது

பாத்திரம் கழுவும் திரவம் செய்பவர்கள் வாங்கும் லோரைல் வகையில் வரும் அறிகுறி. கெட்டுப்போகவில்லை. ஏர்கோன் அறையில் வைத்திருப்பீர்கள். 24க்குக் கீழே போனதும் ஓரத்திலிருந்து உறையத் தொடங்கும். நம் ஊர் வெளிச்சூட்டில் அதே ட்ரம் எண்ணெயாகவே இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைச் சரக்கு பெரும்பாலும் 12ம் 14ம் கலந்தது. உறைந்த பகுதியில் 14 கூடுதலாகச் சேர்ந்திருக்கும், திரவத்தில் 12 கூடுதலாக இருக்கும். மேலே உள்ள திரவத்தை மட்டும் அள்ளி ஒரு தொகுதி, அடியில் உள்ள கட்டியைச் சுரண்டி இன்னொரு தொகுதி செய்தால் இரண்டும் ஒன்றுபோல் வராது. முழு ட்ரம்மையும் வெளியே வைத்து உருகவிட்டு, நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். நேரடித் தீ வேண்டாம்.

கலக்கிய உடனேயே வெள்ளைப் புள்ளிகள்

எண்ணெய்ப் பக்கம், அதாவது எண்ணெயும் மெழுகும் சேர்த்து உருக்கிய பகுதி, 75 டிகிரியில் இருக்கும்போது குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். கொழுப்பு ஆல்கஹால் பட்ட இடத்திலேயே உறைந்துவிட்டது. தண்ணீர்ப் பக்கமும் எண்ணெய்ப் பக்கமும் 70லிருந்து 75க்குள் சேர வேண்டும். எண்ணெய் தெளிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்ததும் இறக்கிவிடாமல் அந்தச் சூட்டில் இருபது நிமிடம் வைத்திருங்கள்; பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிய சீவலையும் கரண்டியால் உள்ளே தள்ளுங்கள். சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குவதே பாதுகாப்பு. உருகிய மெழுகு கையில் கொட்டினால் தண்ணீரைப் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகள் நடமாடும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

செய்த அன்று வழவழப்பு, ஒரு வாரத்தில் மணல்மணல்

"அக்கா, தொட்டா நறநறங்குது" என்று என்னிடம் அதிகமாக வருவது இந்தப் புகார்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நறநறப்பு மூன்று இடங்களிலிருந்து வரும்.

ஒரு மணியை எடுத்துப் புறங்கையில் வையுங்கள். விரலால் அழுத்தித் தேயுங்கள். பத்து விநாடிக்குள் உருகி எண்ணெயாகக் காணாமல் போனால் அது ஷியா வெண்ணெய் மாதிரியான கொழுப்பு. தோலின் சூடே அதை உருக்கப் போதும். கொழுப்பு ஆல்கஹாலின் மேல் பழியைப் போடாதீர்கள். உருகாமல், மெழுகாக நசுங்கித் தட்டையாகி, சின்ன வெள்ளைச் செதிலாகத் தோலில் நின்றால் அது சீட்டைலோ ஸ்டீரைலோதான். 49 டிகிரிச் சரக்கு 33 டிகிரித் தோலில் எப்படி உருகும்? நசுங்காமல் கடினமாக உறுத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்தால் அது யூரியா போன்ற தண்ணீர்ப் பக்கத்துப் பொருள் படிகமானது.

இரண்டாவது வகை என்று தெரிந்தால் காரணம் இது. உருகிய கொழுப்பு ஆல்கஹால் ஆறும்போது நேராக இறுகிய படிகமாகப் போவதில்லை. முதலில் ஒரு தளர்ந்த நிலைக்கு வருகிறது. தோட்டத்தில் காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் ஆள்கள் வரிசையாக நிற்பார்களே, இடம் விட்டு, நின்ற இடத்தில் திரும்பிக்கொண்டு, அப்படிச் சங்கிலிகள் நிமிர்ந்து நிற்கும். இந்த நிலையில்தான் எமல்ஸிஃபையரோடு சேர்ந்து அடுக்கடுக்காக நின்று, அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைக்கும். கிரீமின் கெட்டித்தன்மையும் வழவழப்பும் அந்த அடுக்குகளில்தான் இருக்கின்றன. நாள் போகப்போக, தனிச் சீட்டைல் மட்டும் போட்டிருந்தால், ஒரே நீளச் சங்கிலிகள் சுலபமாக நெருங்கி இறுகிய படிகமாக மாறிவிடுகின்றன. பிடித்து வைத்த தண்ணீரை வெளியே தள்ளிவிடுகின்றன. நமக்குக் கையில் மணல், புட்டியின் அடியில் தண்ணீர்.

16ம் 18ம் கலந்திருந்தால் நீளம் ஒத்துவராது, இறுகுவது கடினம், தளர்ந்த நிலை நெடுநாள் நிற்கும். ஆகவே முதல் மருந்து: தனிச் சீட்டைலை விட்டுவிட்டுச் சீட்டோஸ்டீரைலுக்கு மாறுங்கள். சரிபாதி கலந்ததும் கிடைக்கிறது, 30க்கு 70 கலந்ததும் கிடைக்கிறது. இரண்டுமே தனிச் சரக்கைவிட மேல். கையில் சீட்டைலும் ஸ்டீரைலும் தனித்தனியாக இருந்தால் நீங்களே எடைபோட்டுக் கலந்து உருக்கிக்கொள்ளலாம். விலை வித்தியாசம் அற்பம்.

இரண்டாவது, ஆற்றும் முறை. 55 டிகிரியில் புட்டியில் ஊற்றி மூடி, அட்டைப் பெட்டியில் அடுக்கி, இரவு முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே விட்டுவிடுவது நம் ஊரில் சாதாரணம். நடுப்பெட்டியில் உள்ள புட்டி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். மெதுவாக ஆறும் இடத்தில் படிகம் பெரிதாக வளரும். அதற்குப் பதிலாக, கிரீம் 40 டிகிரிக்கு வரும்வரை அடிப்பானை மெதுவான வேகத்தில் ஓட்டியோ கையால் துழாவியோ கலக்கிக்கொண்டே இருங்கள். வெளிப்பாத்திரத்தில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை மாற்றி மாற்றி விட்டால் போதும், ஐஸ் போட வேண்டியதில்லை. வேகமாக அடித்தால் காற்று ஏறும், அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, சேமிக்கும் இடம். பகலில் 40, இரவில் 25 என்று நாள்தோறும் ஏறி இறங்கினால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களில் போய்ச் சேரும். சமையல் மேடைக்கு மேலுள்ள அலமாரியும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்புறமும் மோசமான இடங்கள். கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் வைத்த பெட்டிதான் இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் நான் பார்த்த சிறந்த கிடங்கு.

மணலான தொகுதியைக் காப்பாற்றலாமா? இன்னும் விற்காத, கை படாத புட்டி என்றால் ஒரு முறை காப்பாற்றலாம். எடைபோட்டுக் கொள்ளுங்கள், சுடுநீர்ப் பாத்திரத்தில் 75க்கு ஏற்றுங்கள், இருபது நிமிடம் வையுங்கள், ஆவியாகப் போன எடைக்குக் காய்ச்சிய தண்ணீர் சேருங்கள், கலக்கிக்கொண்டே ஆற்றுங்கள். வாசனையும், கிருமி வராமல் காக்கப் போட்ட சூடு தாங்காத பதன்பொருளும் இதில் போய்விடும். 40க்குக் கீழே வந்ததும் மறுபடி சேர்க்க வேண்டும். எவ்வளவு போயிற்று என்று கணக்குத் தெரியாததால் அந்தத் தொகுதியை வீட்டில் பயன்படுத்துங்கள், விற்காதீர்கள். கை விட்டு எடுத்த புட்டியை உருக்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. அல்லது ஒரு மாதத்தில் மோர்

அடுக்குகள் முழுக்க அமைய ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். செய்த அன்று மாலை "தளர்வாக இருக்கிறதே" என்று இன்னொரு கை சீவல் போட்டவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் கல்லாகிறது. 48 மணி நேரம் பொறுத்த பிறகே கெட்டித்தன்மையைப் பற்றி முடிவெடுங்கள். அதற்குப் பிறகும் கெட்டி என்றால் அடுத்த தொகுதியில் கொழுப்பு ஆல்கஹாலை நூற்றுக்கு அரை பங்கு வீதம் குறையுங்கள். கண்டிஷனருக்கு 4லிருந்து 6, கை கிரீமுக்கு 2லிருந்து 5, இதற்குள் அடங்கிவிடும்.

மோராகத் தளர்ந்தால் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ நிற மாற்றமோ இருந்தால் கிருமி நுழைந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். கொழுப்பு ஆல்கஹால் கிருமியைக் கொல்லாது. பெயரில் ஆல்கஹால் இருப்பதை நம்பிப் பதன்பொருளை விட்டவர்களுக்குத்தான் இது வரும். வாடை இல்லாமல் தளர்ந்தால் மேலே சொன்ன தனிச் சீட்டைல் கதைதான்.

வீட்டில் நன்றாக இருந்தது, பசார் மாலாமில் பிரிந்துவிட்டது

கார் பூட்டில் மத்தியானம் முழுக்கப் பெட்டி இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருக்கும். அடுக்குகள் இளகும் சூடு குறிப்புக்குக் குறிப்பு மாறும், ஆனாலும் வெயிலில் நின்ற கார் பெரும்பாலான குறிப்புகளைத் தாண்டிவிடும். சூட்டில் அடுக்கு கலைந்து, பிறகு மேசையில் கலக்காமல் ஆறும்போது எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். இதற்கு இரண்டே வழி. ஸ்டீரைல் கூடுதலாக உள்ள 30க்கு 70 கலவைக்கு மாறுவது ஒன்று. மீன்காரர் வைத்திருக்கும் வெள்ளை நுரைப்பெட்டியில் சரக்கை ஏற்றுவது இன்னொன்று. புதுக் குறிப்பு எதையும் விற்குமுன் ஒரு புட்டியை மூடிய காரில் மூன்று பகல் வைத்துப் பாருங்கள். இதைவிட நேர்மையான சோதனை நமக்குக் கிடைக்காது.

தேய்த்தால் வெள்ளை வெள்ளையாக நுரைக்கிறது

கொழுப்பு ஆல்கஹாலும் எமல்ஸிஃபையிங் மெழுகும் ஸ்டீரிக் அமிலமும் சேர்ந்து அளவு மீறிவிட்டன. கறுத்த தோலில் இது உடனே தெரியும், வாங்குபவர் முகம் சுளிப்பார். மூன்றின் மொத்தத்தை நூற்றுக்கு ஒரு பங்கு குறையுங்கள். டைமெத்திக்கோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு, அதாவது நூற்றுக்கு அரையிலிருந்து ஒன்றுக்குள், சேர்த்தாலும் அடங்கும்.

"இதில் ஆல்கஹால் இருக்கிறதாமே" என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்

மலாய்க்கார வாடிக்கையாளரும் கேட்பார், நம் வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இது போதை தரும் சாராயம் இல்லை. 344 டிகிரியில்தான் கொதிக்கும் ஒரு மெழுகு. தோலை உலர்த்தாது, மேலே படிந்து ஈரம் போகாமல் காக்கும்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதிலிருந்து எடுத்தது? 1817இல் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரோல் சீட்டைல் ஆல்கஹாலைக் கண்டெடுத்தது திமிங்கிலத்தின் தலைமெழுகைக் காரத்தோடு காய்ச்சியபோது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று செம்பனை, தேங்காய், பெட்ரோலியம், மாட்டுக்கொழுப்பு நான்கிலிருந்தும் வரும். நான்கும் புட்டியில் ஒன்றுபோல் இருக்கும், உங்கள் சோதனைக் குழாயும் வித்தியாசம் காட்டாது. முஸ்லிம் வாடிக்கையாளருக்கும் முக்கியம், மாடு தொடாத நம் குடும்பங்களுக்கும் முக்கியம். ஆகவே விற்பவரிடம் தாவர மூலம் என்பதற்கான எழுத்துச் சான்றை, ஹலால் சான்று இருந்தால் அதையும், வாங்கிக் கோப்பில் வையுங்கள். பொதியில் "செம்பனையிலிருந்து" என்று எழுத அப்போதுதான் உங்களுக்கு உரிமை. விற்பனைக்கு வைக்கும் எந்த அழகுப் பொருளையும் சுகாதார அமைச்சின் மருந்து, அழகுப் பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.யில் முன்கூட்டியே அறிவிக்கைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தடவிய இடத்தில் அரிப்பு

அரிது, ஆனால் உண்டு. சீட்டோஸ்டீரைலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். குறிப்பாகக் காலில் ஆறாத புண்ணுக்கும் படைக்கும் நெடுநாள் களிம்பு போட்டவர்கள். முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தால் நிறுத்தச் சொல்லி மருத்துவரிடம் அனுப்புங்கள், வேறு வாசனை போட்டுத் தருகிறேன் என்று பேரம் பேச வேண்டாம்.

தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. வாசல் சாக்கடையில் வெள்ளைப் படிவு

மற்ற கோளாறுகளில் நட்டம் உங்களுக்கு. இதில் நட்டம் எல்லோருக்கும். அதனால் இதை நான் விடமாட்டேன்.

சுடச்சுடப் பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்க்கிறீர்கள். உருகிய கொழுப்பு ஆல்கஹால் குழாய்க்குள் போய் 49க்குக் கீழே ஆறியதும் சுவரில் உறைகிறது. அடுத்த நாள் இன்னொரு படலம். அடைத்துக்கொண்டதும் கொதிநீர் ஊற்றுகிறீர்கள். அது உருகி இன்னும் தள்ளிப் போய் உறைகிறது. பாத்திர சோப்பு ஊற்றினால் குழாயைத் தாண்டும், சாக்கடைக்கு வந்து சேரும். கரைந்து போகவே போகாது. சீட்டைல் ஆல்கஹால் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையும் அளவு ஏறக்குறைய 0.01 மில்லிகிராம்தான், இல்லை என்றே சொல்லலாம். அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, 0.81 அளவு, அதனால் மிதக்கும். மிதந்து, சேற்றையும் இலையையும் தொட்டதும் ஒட்டிக்கொள்ளும்.

விஷமா என்று கேட்டால், 16, 18 கார்பன் சரக்கு விஷமில்லை. இலைகளின் மெழுகிலேயே இயற்கையாகக் கொழுப்பு ஆல்கஹால்கள் உண்டு. ஆற்றுச் சேற்றில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு செடியும் பாசியும் கொடுத்ததுதான். கிருமிகளுக்குப் பழக்கமான தீனி. முதலில் கொழுப்பு அமிலமாக மாற்றி, பிறகு இரண்டிரண்டு கார்பனாகக் கடித்துத் தின்றுவிடும். 28 நாள் சோதனையில் எளிதில் சிதையும் பொருள் என்ற தகுதியை இவை பெறுகின்றன. கணக்குப்படி பார்த்தால் மீன் உடம்பில் குவிய வேண்டிய அளவுக்கு எண்ணெய் விரும்பி. ஆனால் மீனின் உடம்பும் இதைச் செரித்துவிடுவதால் அப்படிக் குவிவதில்லை.

பிறகு என்ன கவலை? தின்பதற்குக் கிருமி மூச்சு விட வேண்டும். ஒரு கிராம் சீட்டைல் ஆல்கஹால் முழுக்கச் சிதைய 3 கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊரின் 28 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 8 மில்லிகிராம் அளவில்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிராமுக்கு 400 லிட்டர் தண்ணீரின் மொத்த மூச்சு. ஒரு பெரிய பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி நிற்பது சுலபமாக 50 கிராம் வரும். அது 20,000 லிட்டர் தண்ணீரின் மூச்சு. ஓடாமல் தேங்கும் வாசல் சாக்கடையில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு கிருமிகள் கிளம்பும்; அழுகிய முட்டை வாடை அங்கிருந்துதான்.

கண்டிஷனர் செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதில் போடும் நேர்மின்னூட்டம் உள்ள எமல்ஸிஃபையர் பாசிக்கும் நீர்ப்பூச்சிக்கும் கொழுப்பு ஆல்கஹாலைவிட மிகக் கொடுமையானது. இரண்டும் ஒரே பாத்திரத்தில்தான் ஒட்டியிருக்கின்றன.

நம் சாக்கடை போய்ச் சேருவது சிலாங்கூர் ஆறு. கோலாலம்பூர் உள்ளிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்து எடுப்பது. கீழே கம்போங் குவாந்தானில் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுகின்றனவே, அவற்றின் புழுக்கள் வளர்வது இதே ஆற்றங்கரையின் ஈரச் சேற்றில், அங்குள்ள நத்தைகளைத் தின்று. ஒரு வீட்டுப் பாத்திரம் அதைக் கெடுத்துவிடாது. ஒரு தாமானில் பத்து வீடு தொழில் செய்தால், வாரம் தவறாமல் செய்தால், சேர்த்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது சுலபம். பாத்திரம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ரப்பர் கரண்டியால் வழித்தெடுங்கள். வழித்தது உங்கள் சரக்கு, புட்டியில் போகட்டும். மிச்சத்தைப் பழைய நாளிதழால் துடையுங்கள். தாளைக் குப்பைப் பையில் கட்டுங்கள். அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஏற்கெனவே அடைத்த குழாய்க்குக் கொதிநீர் வேண்டாம், காரமும் வேண்டாம். கொழுப்பு ஆல்கஹால் காரத்தில் சோப்பாகாது என்பதைச் சோடா சோதனையிலேயே பார்த்தோம். தொட்டிக்கு அடியில் உள்ள வளைவுக் குழாயைக் கழற்றி, கீழே வாளி வைத்து, கட்டியைக் குச்சியால் தள்ளி எடுங்கள்.

குளத்தின் மேல் பளபளப்பு, எங்கள் கழிவுதானோ?

கொல்லையில் கெளுத்தி வளர்ப்பவர்கள் பயந்து கேட்பது. கொழுப்பு ஆல்கஹால் தண்ணீர் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவும். அது கண்ணுக்குத் தெரியாது, அந்த இடத்தில் சிற்றலை மட்டும் அடங்கியிருக்கும். வானவில் நிறம் தெரிந்தால் அது வேறு. குச்சியால் கீறுங்கள். கண்ணாடித் துண்டுகளாக உடைந்து பிரிந்தே நின்றால் இரும்பு தின்னும் கிருமியின் படலம், நம் செம்மண் பகுதியில் சகஜம், தீங்கில்லை. கீறிய இடம் மறுபடி மூடிக்கொண்டால் டீசலோ இயந்திர எண்ணெயோ. பக்கத்தில் லாரி கழுவுகிறார்களா என்று பாருங்கள்.

இந்தக் கண்ணுக்குத் தெரியாத படலத்தை வைத்து நீர்த்தேக்கங்களின் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க 1950களில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரிய முயற்சிகள் நடந்தன. 1958இல் ஒக்லஹோமாவின் ஹெஃப்னர் ஏரியில் செய்ததில் ஆவியாதல் நூற்றுக்கு 9 அளவில்தான் குறைந்தது. காற்று படலத்தைக் கரைக்கு ஒதுக்கியது, கிருமிகள் தின்றன. ஆகவே மீன் குளத்துக்குச் சீட்டைல் தூவித் தண்ணீர் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காசை வீணாக்காதீர்கள்.

லோரைல் தரையில் கொட்டிவிட்டது

இங்கே மட்டும் அவசரம் தேவை. 12 கார்பன் சரக்கு 16ஐப் போல இல்லை. தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரையும், 1 மில்லிகிராம் அளவிலேயே மீன்களைக் கொல்லும். அதுவும் கடைசியில் சிதையும்தான், ஆனால் சாக்கடை மீனுக்கு அதுவரை அவகாசம் இல்லை. குழாயைத் திறந்து கழுவித் தள்ளாதீர்கள். முதலில் சாக்கடை வாயை ஈரத் துணியால் அடையுங்கள். மரத்தூளோ மணலோ கொட்டி உறிஞ்சவிட்டு, தட்டுவாரியால் அள்ளி இரட்டைப் பையில் கட்டுங்கள். தரை வழுக்கும், செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். ஏர்கோன் உள்ள அறை என்றால் 20 டிகிரிக்கு இறக்கிக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பெரும்பகுதி உறைந்துவிடும், சுரண்டி எடுப்பது எளிது. துடைத்த துணியையும் அதே பையில் போட்டுவிடுங்கள், அலசிக் காயப்போட வேண்டாம்.